மூலையில் தொடங்கும் ஆட்டம்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை அடுத்த தெருவொன்றில் குடியிருக்கிறேன். மாலையில் அலுவலகம் விட்டு வந்ததும், திண்ணையில் சாக்கட்டியால் கோடுகள் வரைந்து, புளியங்கொட்டைகளையும் சோழிகளையும் காய்களாகக் கொண்டு, அண்டை வீட்டு மலையாள இளைஞர் ஒருவருடன் ஆடுவது என் வழக்கம். வழியே செல்வோர் இதனை ஆடு புலி ஆட்டம் என்றே எண்ணுவர். உண்மையில் இது சீனர் வெய்ச்சி என்றும், கொரியர் படுக் என்றும், ஜப்பானியர் இகோ அல்லது கோ என்றும் வழங்கும் ஆட்டமாகும். தமிழில் கோ என்றால் அரசன். இவ்வாட்டத்திலோ அரசனும் இல்லை, சேவகனும் இல்லை. எல்லாக் காய்களுக்கும் ஒரே மதிப்புத்தான்.

வழிப்போக்கர் எண்ணுவதும் முற்றிலும் தவறன்று. ஆடு புலியில் ஆடுகளைக் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் ஒவ்வொன்றாக இறக்குகிறோம் அல்லவா? கோ ஆட்டத்திலும் அவ்வாறே. குறுக்கும் நெடுக்குமாகப் பத்தொன்பது கோடுகள், 361 புள்ளிகள். இருவரும் மாறி மாறி ஒரு காய் வைப்பர். வைத்த காய் நகராது. ஒரு காயைச் சுற்றி ஒட்டியுள்ள காலிப் புள்ளிகளே அதன் மூச்சு. அவை யாவும் எதிரியால் அடைபட்டால் காய் சிறைப்படும். முடிவில் மிகுந்த நிலத்தை வளைத்தவர் வென்றவர்.

எங்கே தொடங்குவது? ஆடு புலியில் தேர்ந்தவர் முதல் ஆட்டைக் கோட்டின் முனையில் வைப்பார். அதற்கு அப்பால் புள்ளி இல்லாமையால், புலி அதனைத் தாண்ட இயலாது. ஓரம் நமக்குத் துணை செய்கிறது. கோ ஆட்டத்தில் இவ்வுண்மையைக் கணக்கிட்டே காட்டலாம். ஒன்பது புள்ளிகள் கொண்ட சதுர நிலத்தை நடுப்பலகையில் வளைக்கப் பன்னிரண்டு காய்கள் வேண்டும், ஓரத்தில் ஒன்பது, மூலையில் ஆறு. இங்குள்ள பழைய கோட்டையின் இரு மதில்கள் கூடும் மூலையில் ஒருவன் வீடு எடுத்தால், இரண்டு சுவர்களின் செலவு அவனுக்கு மிச்சமாகும் அன்றோ? ஆகவே முதலில் மூலை, அடுத்து ஓரம், பின்னரே நடு என்பது பொது நெறியாயிற்று.

ஆனால் மூலையின் கடைக்கோடிப் புள்ளியில் வைத்தல் வீண். அங்கே காய்க்கு இரண்டே மூச்சு. ஓரத்திலிருந்து எண்ணி மூன்றாம் கோட்டில் வைத்தால் நிலம் உறுதிப்படும். நான்காம் கோட்டில் வைத்தால் நடுப்பகுதியில் ஆதிக்கம் பெருகும். இவ்விரண்டையும் பலகை முழுவதும் இசைவித்து விரிக்கும் தொடக்க அமைப்பை ஜப்பானியர் ஃபுசெகி என்பர். திபெத்திய முறையில் பதினேழு கோட்டுப் பலகையில் பன்னிரண்டு காய்களை முன்னமே வைத்துவிடுவர். சீனரும் முற்காலத்தில் மூலைகளில் இருவருக்கும் இரண்டிரண்டு காய்கள் வைத்தே தொடங்கினர். ஜப்பானியர் அவ்வழக்கத்தைக் கைவிட்டு வெறும் பலகையில் ஆடத் தொடங்கியபின், தொடக்கமே தனிக்கலையாக வளர்ந்தது.

மூலையில் இரு தரப்பும் மோதும்போது, எவருக்கும் பெரு நட்டம் நேராவண்ணம் அமையும் நிலைபெற்ற வரிசைகளுக்கு ஜோசெகி என்று பெயர். நான் தவறியது இங்கேதான். மூன்று மாதம் முயன்று பல வரிசைகளை மனப்பாடம் செய்தேன். முன்னைக் காட்டிலும் மோசமாகத் தோற்றேன். ஜோசெகியைக் கற்றவன் இரண்டு காய் வலிமை குன்றுவான் என்று ஜப்பானியர் சொல்வதுண்டாம். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இது முன்பே விளங்கியிருக்க வேண்டும். வாக்கியத்தின் போக்கைப் பாராமல் கலைச்சொல் பட்டியலிலிருந்து சொல்லை எடுத்து வைத்துவிட்டு, பிழையெங்கே என்று தேடுபவர்களை அலுவலகத்தில் நான் கண்டதில்லையா?

ஓர் எடுத்துக்காட்டு. மூலையில் நான்காம் கோடுகள் சந்திக்கும் புள்ளியில் உங்கள் கருங்காய் நிற்கிறது. எதிரி அதற்குக் கீழே, மூன்றாம் கோடுகள் சந்திக்கும் புள்ளியில் புகுகிறார். நீங்கள் இடப்பக்கம் தடுக்கலாம், வலப்பக்கமும் தடுக்கலாம். இருவகையிலும் எதிரி மூலையில் சிறிது நிலத்துடன் உயிர் பிழைப்பார். உங்களுக்கு வெளிப்புறத்தில் ஒரு மதில் கிடைக்கும். இரண்டு வரிசைகளும் சரியானவையே. ஆயினும் அம்மதில் நோக்கும் திசையில் உங்கள் காய்கள் இருந்தால் பெருநிலம் விளையும். எதிரியின் வலிய காய்கள் இருந்தால் மதில் பயனற்றுப் போகும். எப்பக்கம் தடுப்பது என்பதை மூலை சொல்லாது. மற்ற மூன்று மூலைகளே சொல்லும். நானோ எப்போதும் வலப்பக்கமே தடுத்துவந்தேன், முதலில் கற்றது அதுவாகையால்!

நிலைபெற்றதென்று கருதியதும் மாறுகிறது. 1933இல், சீனத்தில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த இளைஞர் கோ சேய்கென், முதுபெரும் ஆட்டக்காரரான ஹோனின்போ ஷூசாய்க்கு எதிராக, அம்மரபினர் விலக்கிய அந்த மூன்றாம் கோட்டுச் சந்தியில் முதற்காயை வைத்தார். மூன்றாம் காயைப் பலகையின் நட்டநடுவில் வைத்தார். இரண்டு புள்ளிகளில் தோற்றாரெனினும், அவரும் கிதானி மினோருவும் முன்வைத்த புதிய தொடக்கமுறை பரவிற்று. 2016 மார்ச்சில் சியோலில் ஆல்பாகோ என்னும் கணினி நிரல் லீ செடோலை 4-1 என வென்றது. ஆட்டத் தொடக்கத்திலேயே மூன்றாம் கோட்டுச் சந்தியில் புகுவது எதிரிக்கு மதில் கட்டித் தருவதாகும் என்று முன்னர் இகழப்பட்டது. ஆல்பாகோ அதனைத் தயங்காமல் ஆடியபின், 2017 முதல் தேர்ந்தவர்களும் ஆடலாயினர்.

கற்க விரும்பும் நேயர்கள் ஒன்பது கோட்டுப் பலகையில் தொடங்குக. காய்கள் சிறைப்படுவதையும் பிழைப்பதையும் அதிலே பழகியபின் பதின்மூன்று, பத்தொன்பது என்று செல்லலாம். வரிசைகளில் இரண்டோ மூன்றோ போதும். ஒவ்வொரு காய்க்கும் காரணம் கேட்டுக் கற்க வேண்டும். எதிரி வரிசையை மீறி வைத்தால் அவரை எவ்வாறு தண்டிப்பது என்பதையும் உடன் அறிய வேண்டும். அறியாவிடில் வரிசையை அறிந்தும் பயனில்லை. பலகைக்கு அலைய வேண்டியதில்லை. ஒன்பது கோட்டுக்கு 81 புள்ளிகளே. நாற்பது புளியங்கொட்டையும் நாற்பது சோழியும் போதும்.