கணக்கு கிளவுட்டில் இருக்கிறது, பிரதி எங்கே இருக்கிறது?

அண்மைக் காலமாக நமது வியாபாரிகள் நாலு பேர் கூடினால், டொலர் விலைக்கும் சுங்கத் தீர்வைக்கும் அடுத்தபடியாகக் காதில் விழும் வார்த்தை ‘கிளவுட்’ என்பதாகும். பில் போடும் மென்பொருள் விற்க வரும் இளைஞர்கள், “எல்லாம் கிளவுட்டில் இருக்கும் ஹாஜியார், நீங்கள் உம்ராவுக்குப் போயிருந்தாலும் கடையின் விற்பனையைப் போனிலேயே பார்க்கலாம்” என்கிறார்கள். பார்க்கலாம், உண்மைதான். நானும் புறக்கோட்டையிலுள்ள எனது மின்சார உபகரணக் கடையின் ஸ்டொக்கையும் கடன் பட்டியலையும் சில வருடங்களாக அப்படித்தான் பார்த்து வருகிறேன். ஆகவே கிளவுட் வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அதற்குக் காசு கட்டுமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நம்மவர்கள் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

பெயர் மேகம் என்றாலும் சாமான் பூமியில்தான் இருக்கிறது. அமேசன், மைக்ரோசொப்ட், கூகுள் போன்ற கம்பனிகள் சிங்கப்பூர், மும்பாய் முதலிய நகரங்களில் பெரும் கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி வைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு மூலையை நாம் வாடகைக்கு எடுக்கிறோம். கொன்டைனர் வந்திறங்கினால் வத்தளையில் ஒரு களஞ்சியத்தை வாடகைக்கு எடுப்பது போலத்தான். கூரை ஒழுகாமல் பார்ப்பதும் வாசலில் காவல் போடுவதும் களஞ்சியக்காரரின் பொறுப்பு. உள்ளே எத்தனை பெட்டி இருக்கிறது, திறப்பு யாரிடம் கொடுக்கப்பட்டது என்பது நமது பொறுப்பு. கிளவுட் கம்பனிகளின் ஒப்பந்தங்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. அந்தப் பக்கங்களை வாசிப்பவர்தான் இல்லை.

கணக்கு கடைக்கு வெளியேயும் இருக்க வேண்டும் என்பதை இந்த நாட்டு முஸ்லிம் வியாபாரிகளுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் சுனாமியில் கல்முனையிலும் ஹம்பாந்தோட்டையிலும், 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் திகனையிலும், 2019 மே மாதம் மினுவாங்கொடையிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்திலும் கடைகள் அழிந்ததை நாம் பார்த்திருக்கிறோம். எரிந்த சாமானுக்காவது விலை போடலாம். வெளியூர் கடைகளுக்குக் கடனுக்குக் கொடுத்த சரக்கின் விபரம் கொப்பியோடு எரிந்து போனால், நம் காசு யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை எதை வைத்துச் சொல்வது? நோன்பு காலத்தில் ஸக்காத் கணக்குப் பார்க்க உட்காரும் ஒருவருக்கு வரவேண்டிய கடன் எவ்வளவு என்றே தெரியாவிட்டால் அவர் என்ன செய்வார்? கணினியும் கொப்பியும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அந்த வகையில் கிளவுட் நமக்குப் பெரிய உதவி.

ஆனால் கிளவுட்டில் போட்டாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்பது வேறு விடயம். இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 2023 ஒகஸ்ட் மாத இறுதியில் ‘லங்கா அரச கிளவுட்’ எனப்படும் நமது அரசாங்கத்தின் சொந்த கிளவுட், தரவுகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் ‘ரென்சம்வெயார்’ வகைத் தாக்குதலுக்கு உள்ளானது. gov.lk என்று முடியும் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றில் அடங்கும். சில மணித்தியாலங்களில் இயந்திரங்களைத் திரும்ப இயக்கிவிட்டார்கள். ஆனால் மே 17ஆம் திகதி முதல் ஒகஸ்ட் 26ஆம் திகதி வரையான மின்னஞ்சல்கள் கிடைக்கவில்லை. மூன்று மாதத்துக்கும் அதிகமான கடிதப் போக்குவரத்து போனது போனதுதான். காரணம் இரண்டு. பாவனையில் இருந்தது மைக்ரோசொப்ட்டின் 2013ஆம் ஆண்டு மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவை அந்தக் கம்பனியே 2023 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு 2021 முதல் இருந்தும், காசில்லை, அனுமதியில்லை என்று இழுபட்டது. இரண்டாவது காரணம், அந்தக் காலப் பகுதிக்கு இணையத்தில் இணைக்கப்படாத தனிப் பிரதி ஒன்று இருக்கவில்லை. இருந்த பிரதிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால் அவையும் சேர்ந்தே மாட்டிக்கொண்டன.

இங்கே நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த மே 17 என்ற திகதியை. மென்பொருள் விற்பவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: “தம்பி, இன்றிரவு எல்லாம் அழிந்தால் நாளைக் காலை எந்தத் திகதிக் கணக்கோடு நான் கடையைத் திறப்பேன்?” நேற்று இரவு வரை என்று ஒருவர் சொல்வார். போன வெள்ளி வரை என்று மற்றவர் சொல்வார். தலையைச் சொறிபவரும் உண்டு. மூன்றாமவரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்து, பிரதி எந்தக் கட்டடத்தில் என்று கேளுங்கள். 2021 மார்ச் 10ஆம் திகதி நள்ளிரவு தாண்டி, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓ.வி.எச். என்ற பெரிய கிளவுட் கம்பனியின் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. லட்சக்கணக்கான இணையத்தளங்கள் நின்றன. பிரதிக்கென்று தனியாகக் காசு கட்டியிருந்த வாடிக்கையாளர்கள் சிலர், தமது பிரதியும் அதே கட்டடத்தில்தான் இருந்தது என்பதைத் தீக்குப் பிறகுதான் அறிந்துகொண்டார்கள். வழக்குப் போட்டார்கள், 2023இல் முதல் நிலை நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வந்தாலும் தரவு வராது.

பிரதி இருக்கிறது என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிட முடியாது. மென்பொருள் எழுதுபவர்களுக்கே கிளவுட் சேவை வழங்கும் கிட்லெப் என்ற கம்பனியில், 2017 ஜனவரி 31ஆம் திகதி இரவு களைப்போடு வேலை செய்த ஒரு பொறியியலாளர் உண்மையான தரவுத் தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். ஐந்து விதமான பிரதி முறைகள் அவர்களிடம் இருந்தன. திறந்து பார்த்தால் ஐந்தில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆறு மணித்தியாலங்களுக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்த பிரதியொன்றுதான் தற்செயலாகக் கைகொடுத்தது. அக்கம்பனி இதை மறைக்காமல் உலகத்துக்கே அறிவித்தது, அது பாராட்டத்தக்கது. தொழில் தெரிந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், நம் கடைக்குப் பில் மென்பொருள் போட்ட பையன் ‘பெக்கப் தானாக நடக்கும்’ என்பதை எப்படி நம்புவது? மாதம் ஒரு தடவை அவரைக் கூப்பிட்டு, வேறொரு கணினியில் அந்தப் பிரதியைத் திறக்கச் சொல்லி, நமக்குத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைப் பார்க்க வேண்டும். என் கடையில் இது அரை மணித்தியால வேலை. ஒரு தேநீர் செலவு.

இறக்குமதி செய்பவர்கள் அனைவருக்கும் மேர்ஸ்க் கப்பல் கம்பனியைத் தெரியும். 2017 ஜூன் 27ஆம் திகதி அக்கம்பனியின் கணினிகள் உலகம் முழுவதும் ஒரே நாளில் இருண்டன. யாரும் மேர்ஸ்க்கைக் குறிவைக்கவில்லை. உக்ரைன் நாட்டில் வரிக் கணக்குச் சமர்ப்பிக்கக் கம்பனிகள் பாவிக்கும் எம்.ஈ.டொக் என்ற ஒரு கணக்கு மென்பொருள் இருந்தது. அதைத் தயாரித்தவர்களின் கணினிக்குள் புகுந்த திருடர்கள், வழமையாக வரும் புதுப்பிப்போடு விஷத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். மேர்ஸ்க்கின் உக்ரைன் அலுவலகத்தில் அந்த மென்பொருள் இருந்தது, அது போதுமாக இருந்தது. 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக அமைக்க வேண்டி வந்தது என்று அக்கம்பனியின் தலைவரே 2018இல் சொன்னார். நட்டம் 200 முதல் 300 மில்லியன் டொலர். எந்த ஊழியர் எதற்குள் நுழையலாம் என்ற முக்கிய பட்டியலின் பிரதிகள் உலகெங்கும் அழிந்திருக்க, கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் ஒன்று தப்பியிருந்தது. அங்கே அந்த நேரம் மின்வெட்டு! அந்தக் கணினி வலையமைப்பில் இல்லாததால் விஷம் ஏறவில்லை. மின்வெட்டைத் திட்டித் திட்டியே காலம் கழித்த நம்மவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் வலையோடு இணைக்கப்படாத ஒரு பிரதியின் பெறுமதி அதுதான். கானாவில் அது தற்செயல், நாம் திட்டமிட்டே செய்யலாம்.

அந்த விஷம் பரவப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்றை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசொப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே இலவசமாக வெளியிட்டிருந்தது. போடாதவர்களிடம் அது காட்டுத் தீயாகப் பரவியது. நமது கடைகளில் பில் போடும் கணினி இன்னும் விண்டோஸ் 7இல் ஓடுகிறது. அதன் ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதிலும் பலருடையது திருட்டுப் பிரதி. ஒன்றரைக் கோடி ரூபா ஸ்டொக் உள்ள கடையில், கணக்கு வைத்திருக்கும் இயந்திரத்துக்கு மட்டும் கஞ்சத்தனம் காட்டுவது எனக்கு விளங்காத ஒன்று.

இனி, சொந்தமாக மென்பொருள் எழுதுவிப்பவர்கள். தெரிந்த ஒரு பையனைப் பிடித்துக் குறைந்த விலைக்கு எழுதுவிப்பது நம்மிடம் வழக்கம். அதில் பிழையில்லை, நமது பிள்ளைகளுக்கும் தொழில் வேண்டும். ஆனால் அந்தப் பையன் கனடாவுக்கோ டோஹாவுக்கோ போய்விட்டால்? புடவை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. கிளவுட் கணக்கு பையனின் மின்னஞ்சலில், மாதக் கட்டணம் பையனின் கார்டில், மூல நிரல் பையனின் மடிக்கணினியில். ஆறு மாதம் கழித்து கார்டு காலாவதியானது, கடை நின்றது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது! ஆகவே கிளவுட் கணக்கு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும், பையனுக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள். மூல நிரலின் பிரதி உங்களுக்கும் உரியது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். மாற்றங்களை முதலில் ஒரு சோதனைக் கணக்கில் பார்த்துவிட்டு, சனம் குறைந்த நாளில் கடைக்குப் போடச் சொல்லுங்கள். 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பனி பிழையான புதுப்பிப்பு ஒன்றை ஒரேயடியாக எல்லோருக்கும் அனுப்பியதில் 85 லட்சம் கணினிகள் நின்றன, விமானங்கள் பறக்கவில்லை. அங்கே திருடன் யாரும் வரவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு மின்னஞ்சல் விடயத்தைச் சொல்லாமல் விட முடியாது. நம்மவர்களின் காசு உண்மையில் அதிகம் போகும் வாசல் அதுதான். குவாங்சோவிலுள்ள சப்ளையருடன் பத்து வருடப் பழக்கம். கொன்டைனர் தயார், இன்வொய்ஸ் வருகிறது, கூடவே ஒரு குறிப்பு: ‘எங்கள் வங்கிக் கணக்கில் கணக்காய்வு நடப்பதால் இம்முறை இந்தக் கணக்குக்கு அனுப்பவும்.’ அதே லெட்டர்ஹெட், அதே முத்திரை, தொகையும் சரி. முகவரியில் ஓர் எழுத்து மட்டும் வித்தியாசம். சில வேளை அதுவும் இல்லை. சப்ளையரின் மின்னஞ்சலுக்குள்ளேயே திருடன் வாரக் கணக்கில் உட்கார்ந்து கடிதங்களை வாசித்துக் கொண்டிருப்பான். டீ.டீ. போட்ட பின் திரும்ப எடுப்பது மிக அரிது. கூகுளும் பேஸ்புக்கும்கூட 2013க்கும் 2015க்கும் இடையில் லித்துவேனிய நாட்டவர் ஒருவரின் பொய் இன்வொய்ஸ்களுக்கு 100 மில்லியன் டொலருக்கு மேல் கட்டி ஏமாந்தன என்றால் நாம் எம்மாத்திரம்? 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணம் களவாடப்பட்டபோது 81 மில்லியன் டொலர் மணிலாவுக்குப் போய் மறைந்தது. இலங்கைக்கு வந்த 20 மில்லியன் மட்டும், பணம் பெறுபவரின் பெயரிலிருந்த எழுத்துப் பிழையால் சந்தேகம் எழுந்து தடுக்கப்பட்டது.

கணக்கு இலக்கம் மாறினால், அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போட்டுக் கேட்க வேண்டாம். பதில் சொல்பவன் திருடனாகவே இருப்பான். பழைய விசிட்டிங் கார்டில் உள்ள இலக்கத்துக்குப் போன் எடுங்கள், தெரிந்த குரலைக் கேளுங்கள். மின்னஞ்சலுக்கும் வட்ஸ்அப்புக்கும் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். போனுக்கு வரும் ஆறு இலக்கத்தைக் கேட்பவர் வங்கி முகாமையாளர் என்று சொன்னாலும் கொடுக்க வேண்டாம். கெஷியர் முதல் பொடியன் வரை எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்ற பழக்கத்தையும் விடுங்கள். விலகிய ஊழியரின் பெயரை அன்று மாலையே நீக்கிவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் முதலில் வங்கிக்கும், அடுத்து குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவுக்கும் அறிவிக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. தொழில்நுட்ப ஆலோசனைக்கு ஸ்ரீ லங்கா சேர்ட் நிறுவனம் உண்டு.

பிரதி எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் இந்த வாரம், மற்றதில் அடுத்த வாரம். எடுத்து முடிந்ததும் கணினியிலிருந்து கழற்ற வேண்டும். செருகியபடியே விட்டால் கப்பக்காரன் அதையும் பூட்டுவான். அதைக் கடை லாச்சியில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டு போங்கள். வீடு கடைக்கு மேல்மாடியில் இருப்பவர்கள் மச்சானின் வீட்டில் வையுங்கள்.