பாம்பெர்க் நகரில் பியர் பயணிகளுக்கான விடுதித் தேர்வு

பாம்பெர்க், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தின் வடபகுதியில், ரெக்னிட்ஸ் ஆற்றின் கரையில் அமைந்துள்ள பழைமையான நகரம். இதன் பழைய நகரப் பகுதி 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு டஜன் பியர் ஆலைகள் இச்சிறு நகருக்குள்ளேயே இயங்குகின்றன. புகையில் உலர்த்திய மால்ட்டில் இருந்து தயாராகும் ‘ரௌக்பியர்’ என்னும் புகை பியர் இந்நகரின் தனி அடையாளம். இதனால் இரண்டு அல்லது மூன்று நாள் பயணமாகப் பியரைச் சுவைக்க வருவோர் இங்கு அதிகம்.

இத்தகைய குறும்பயணத்தில் விடுதியின் நட்சத்திரத் தகுதியை விட அது இருக்கும் இடமே முக்கியமானது. பயணி ஒவ்வோர் இரவும் மது அருந்திய நிலையில் அறைக்குத் திரும்புகிறார். அந்தத் தூரம் நடந்து கடக்கக்கூடியதா, வழியில் செங்குத்தான மேடு உண்டா, படுத்தபின் உறங்க முடியுமா என்பவற்றைப் பொறுத்தே பயணத்தின் பாதுகாப்பும் நிறைவும் அமைகின்றன.

நகரின் மூன்று பகுதிகள்

பாம்பெர்க்கின் வரலாற்று நகரம் மூன்று பகுதிகளால் ஆனது. முதலாவது, மேற்கே ஏழு குன்றுகளின் மேல் பரவிய மலை நகரம். பேராலயமும் பழைய மடங்களும் இங்கே உள்ளன. இரண்டாவது, ஆற்றின் இரு கிளைகளுக்கு இடையே உள்ள தீவு நகரம். இது வணிகர்களின் பகுதி. மூன்றாவது, கிழக்கே உள்ள தோட்டக்காரர் நகரம். பல நூற்றாண்டுகளாகக் காய்கறி பயிரிட்டு வந்த குடும்பங்களின் குடியிருப்பு இது. தொடர்வண்டி நிலையம் இந்தக் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நிலையத்தில் இருந்து பழைய நகரை நோக்கி ஏறத்தாழ பத்து நிமிடம் நடந்தால் ஓபெரெ கேனிக்ஷ்ட்ராசெ என்னும் தெரு வரும். அங்கிருந்து பாலத்தைக் கடந்து தீவு நகரின் வழியாக இன்னும் கால் மணி நேரம் நடந்தால் பேராலயக் குன்றின் அடிவாரத்தை அடையலாம். புகழ்பெற்ற ஷ்லெங்கெர்லா மதுக்கூடம் அங்கே உள்ளது. நிலையத்தில் இருந்து தெற்கே இருபது நிமிட நடையில் வுண்டர்புர்க் என்னும் குடியிருப்புப் பகுதி உள்ளது. மார்ஸ் ப்ரொய், கேஸ்மன் ஆகிய இரு பியர் ஆலைகளும் அங்கே ஒன்றுக்கொன்று எதிரே அமைந்தவை.

இந்த வரைபடத்தை மனத்தில் கொண்டு பார்த்தால், பெரும்பாலான ஆலைகளுக்கு நடுவில் இருப்பது ஓபெரெ கேனிக்ஷ்ட்ராசெ பகுதிதான் என்பது புலப்படும். வழி முழுவதும் சமதரை. பெட்டியுடன் நிலையத்தில் இருந்து வருவதும் எளிது.

பியர் ஆலை விடுதிகள்

தென்ஜெர்மனியில் உணவு, பியர், படுக்கை மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் பழைய வகை விடுதிக்கு ‘காஸ்ட்ஹோஃப்’ என்று பெயர். ஓபெரெ கேனிக்ஷ்ட்ராசெவில் எதிரெதிரே நிற்கும் இரண்டு ஆலைகள் இம்மரபைத் தொடர்கின்றன. ஒன்று 1536 முதல் அறியப்படும் ஷ்பெட்சியால். மற்றொன்று 1649-இல் தொடங்கிய ஃபெஸ்லா. இரண்டிலும் கீழே மதுக்கூடமும் மேலே தங்கும் அறைகளும் உண்டு.

ஒரு காலத்தில் எல்லா ஊர்களிலும் மால்ட்டை விறகுத் தீயின் மேல்தான் உலர்த்தினார்கள். அதனால் பெரும்பாலான பியர்களில் புகை மணம் ஓரளவு இருந்தது. வெப்பக்காற்றில் உலர்த்தும் முறை பரவியதும் அம்மணம் மறைந்தது. ஷ்லெங்கெர்லாவும் ஷ்பெட்சியாலும் பீச் மரத்தீயில் மால்ட்டைத் தாமே உலர்த்தும் வழக்கத்தைக் கைவிடவில்லை. ஷ்லெங்கெர்லாவின் பியரில் புகை மணம் தூக்கலாக இருக்கும். ஷ்பெட்சியாலில் அது மென்மையானது. முதன்முறை சுவைப்பவர் ஷ்பெட்சியாலில் தொடங்குவது நல்லது.

காஸ்ட்ஹோஃபில் தங்குபவர் நவீன ஓட்டலின் வசதிகளை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் பாம்பெர்க் பெரிய அழிவுக்கு உள்ளாகவில்லை. அதனால் பழைய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றின் படிக்கட்டுகள் குறுகலாக இருக்கும். பலவற்றில் மின்தூக்கியோ குளிர்சாதன வசதியோ இருக்காது. தனி வரவேற்பு மேசை இல்லாமல், மதுக்கூடத்தில் பரிமாறுபவரிடமே சாவியைப் பெற வேண்டியிருக்கும். வாரத்தில் ஒரு நாளோ அரை நாளோ கூடம் மூடியிருப்பது இவ்வகைக் குடும்ப நிறுவனங்களில் வழக்கம். அந்த நேரத்தில் வந்து சேர்பவர் சாவி பெறும் முறையை முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் பூட்டிய கதவின் முன் நிற்க நேரிடும்.

நடந்து திரும்பும் தூரம்

பாம்பெர்க்கில் அரை லிட்டர் பியரைச் ‘சைட்லா’ என்பார்கள். 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒரு சைட்லாவில் ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மூன்று சைட்லா என்றால் 60 கிராம். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் ரத்தத்தில் இது தோராயமாக ஆயிரத்துக்கு 1.2 என்னும் அளவைத் தரும். உடல் இதை மணிக்கு 0.1 முதல் 0.2 வரைதான் குறைக்கும். முழுவதும் நீங்க எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் பொதுவாக அளவு இன்னும் கூடும்.

ஜெர்மனியில் மோட்டார் வாகனம் ஓட்டுவோருக்கான வரம்பு ஆயிரத்துக்கு 0.5. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் முழுத்தடை. வாடகைக்குக் கிடைக்கும் மின்ஸ்கூட்டரும் சட்டப்படி மோட்டார் வாகனமே. மிதிவண்டியில் கூட 1.6-ஐத் தாண்டினால் அது குற்றம். மேலே கண்ட கணக்குப்படி, நள்ளிரவு வரை குடித்தவர் விடியற்காலையில் வாடகைக் காரை எடுத்தால், தெளிவாக இருப்பதாக அவர் நினைத்தாலும் வரம்பை மீறியிருக்கக்கூடும். எனவே ஊருக்கு வெளியே, வாகன நிறுத்துமிடம் உள்ள மலிவான விடுதி இப்பயணத்துக்கு ஏற்றதல்ல. நியூரம்பெர்க்கில் இருந்து தொடர்வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால் காரே தேவையில்லை.

குன்றின் மேல் உள்ள விடுதிகளில் காட்சி அழகாக இருக்கும். ஆனால் இரவில் கல் பாவிய ஏற்றத்தில் நடந்து செல்ல வேண்டும். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அக்கற்கள் வழுக்கும். மூட்டுவலி உள்ளவர்களும் முதியவர்களும் தீவு நகரிலோ கிழக்குப் பக்கத்திலோ தங்குவது நலம்.

இரைச்சலும் உறக்கமும்

ஷ்லெங்கெர்லாவுக்கு அருகில் உள்ள சாண்ட்ஷ்ட்ராசெ சுற்றுப்புறத்தில் மதுக்கூடங்கள் நெருக்கமாக உள்ளன. வார இறுதிகளில் நள்ளிரவுக்குப் பின்னும் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்கும். காலையில் ஆலய மணி எழுப்பும். இங்கே தங்க விரும்புவோர் தெருப் பக்க அறையைத் தவிர்த்து, உள்முற்றத்தைப் பார்த்த அறையைக் கேட்டுப் பெறலாம்.

ஜெர்மனியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். பவேரியாவின் பியர் தோட்டங்களுக்கு மட்டும் 1999-இல் தனி விதி வந்தது. அதன்படி இசை 10 மணிக்கும், பரிமாறுதல் 10.30-க்கும் நிற்க வேண்டும்; 11 மணிக்குத் தோட்டம் மூடப்படும். அண்டை வீட்டாரின் உறக்கத்துக்கும் தோட்டங்களின் மரபுக்கும் இடையே நடந்த நீண்ட வழக்கின் விளைவு இது. ஆகவே தோட்டத்துக்கு அருகில் உள்ள அறையில் 11 மணிக்குமேல் ஓரளவு அமைதி கிடைக்கும். உள்ளரங்க மதுக்கூடத்தின் மேல் உள்ள அறைக்கு இவ்விதி பொருந்தாது.

பயணக் காலம்

கோடையில் பாம்பெர்க் மக்கள் ‘பாதாள அறையின் மேல்’ போவதாகச் சொல்வார்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் ஸ்டெஃபான்ஸ்பெர்க் போன்ற குன்றுகளைக் குடைந்து பியரைச் சேமித்தார்கள். நிலம் சூடாகாதிருக்க மேலே நிழல் மரங்களை நட்டார்கள். அந்த மரநிழலே இன்றைய பியர் தோட்டம். மே முதல் செப்டம்பர் வரை வருபவருக்கு, குன்றின் அடிவாரத்தில் தங்குவதும் வசதியே.

ஆகஸ்ட் பிற்பகுதியில் சாண்ட்கெர்வா என்னும் திருவிழா நடக்கிறது. அந்நாட்களில் அறை கிடைப்பது கடினம். கட்டணமும் உயரும், உறக்கமும் கெடும். அக்டோபர் முதல் வலுவான ‘பாக்’ வகைப் பியர்கள் வெளியாகும். அவற்றில் ஆல்கஹால் கூடுதல் என்பதால் மேலே சொன்ன கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டு இரவுப் பயணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

ஓபெரெ கேனிக்ஷ்ட்ராசெ பகுதியில் அறை எடுத்துக்கொண்டால், முதல் மாலை அத்தெருவின் இரு ஆலைகளிலேயே கழியும். அறைக்குத் திரும்பச் சில நிமிடங்களே ஆகும். மறுநாள் பகலில் பேராலயத்தையும், ஆற்றின் நடுவில் நிற்கும் பழைய நகரமன்றத்தையும் பார்த்துவிட்டு, மாலையில் ஷ்லெங்கெர்லா சென்று சமதரை வழியே திரும்பலாம். மூன்றாம் நாள் பெட்டியை விடுதியில் ஒப்படைத்துவிட்டு, வுண்டர்புர்க்கில் மதிய உணவு உண்டு, வண்டி ஏறலாம்.

பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

• மதுக்கூடத்தின் வார ஓய்வு நாள் எது? அன்று வந்தால் சாவி யாரிடம் கிடைக்கும்?
• அறை எத்தனையாவது மாடியில் உள்ளது? மின்தூக்கி உண்டா?
• சன்னல் தெருவைப் பார்த்ததா, முற்றத்தைப் பார்த்ததா?
• காலை உணவு கட்டணத்தில் சேர்ந்ததா? எத்தனை மணி வரை கிடைக்கும்?
• அறையைக் காலி செய்தபின் பெட்டியை வைத்துச் செல்லலாமா?

ஜெர்மனியில் பியரும் ஒயினும் வாங்க 16 வயதும், வடித்தெடுத்த மதுவகைகளுக்கு 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும். மது அருந்தாத துணையுடன் வருவோர் இருவருக்கும் பொருந்தும் இடமாகத் தீவு நகரைத் தேர்ந்தெடுக்கலாம். அங்காடி, ஆற்றங்கரை, பேராலயம் ஆகிய அனைத்தும் அங்கிருந்து அருகில் உள்ளன.