கல்லாகும் கரியமில வாயு

இங்கிலாந்தின் கம்பிரியா கடற்கரையில் டெர்வென்ட் ஹவ் என்றோர் இடம். பழைய இரும்பாலைகள் கொட்டிய கசடு அங்கே கரையோரம் மேடாகக் கிடக்கிறது. அது இறுகி உண்டான பாறைக்குள் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் ஒரு பென்னிக் காசைக் கண்டார்கள். 1934-இல் அச்சிட்டது. கூடவே அலுமினிய டப்பாவைத் திறக்கும் வளையம் ஒன்று. அந்த மாதிரி வளையம் 1989-க்கு முன் கிடையாது. ஆக, அவர்கள் கண்டபோது அந்தப் பாறைக்கு வயது சுமார் 35-க்குள்தான்! 2025-இல் இதை வெளியிட்டார்கள்.

இரும்பு உருக்கும்போது அதன் அழுக்கைப் பிரிக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அழுக்கோடு சேர்ந்து உருகி மேலே மிதப்பதை வடித்துக் கொட்டுவார்கள், அதுதான் கசடு. மழையும் கடலலையும் பட்டு அதிலுள்ள கால்சியம் வெளியே வரும்போது கரியமில வாயு அதனுடன் சேர்ந்துகொள்கிறது. விளைவு, கால்சியம் கார்பனேட். வேதியியல் வாத்தியாராக நான் வருடாவருடம் பிள்ளைகளைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஊதச் சொல்வேனே, பால்போலக் கலங்குமே, அதே வினைதான். சுவருக்கு அடித்த சுண்ணாம்பு நாள்பட இறுகுவதும் இதனால்தான். தனியாக நெருப்பு எதுவும் வேண்டாம்; வினை தானே வெப்பத்தை வெளிவிடும்.

கடல் ஆண்டுக்கணக்கில் செய்வதை ஆலையில் நிமிடக்கணக்கில் செய்ய வழி கண்டவர்கள் கிரீனிச் பல்கலைக்கழகத்தின் காலின் ஹில்ஸும் பவுலா கேரியும். அவர்கள் எடுத்துக்கொண்டது கசடு அல்ல, சாம்பல். குப்பையை எரிக்கும் ஆலைகளில் புகையின் அமிலத்தை அடக்கச் சுண்ணாம்பு தூவுவார்கள். மிஞ்சும் தூள் கை பட்டால் புண்ணாக்கும் அளவுக்குக் காரத்தன்மை கொண்டது, அபாயக் கழிவு. அதில் தண்ணீர் தெளித்து, கரியமில வாயுவைச் செலுத்தி, சிமென்டும் மணலும் சேர்த்து உருட்டினால் சிறு சிறு கல் உருண்டைகளாகிவிடும். சஃபோக் மாவட்டத்தின் பிராண்டன் ஊரில் 2012-இல் இதற்கு ஆலையே வந்தது. அந்த உருண்டைகளைப் போட்டுச் செய்த கட்டடக் கல் ‘கார்பன் பஸ்டர்’ என்ற பெயரில் விற்பனைக்குப் போனது. பெயரில் கொஞ்சம் ஜம்பம் கூடுதல்தான். ஆனாலும் புதைகுழிக்குப் போகவேண்டிய விஷத்தூள் வீட்டுச் சுவராவது எனக்குப் பிடித்திருக்கிறது.

தங்கள் கசடும் இப்படிக் கரியமில வாயுவைப் பிடிக்கும் என்று எஃகு ஆலைக்காரர்கள் சொல்லும்போதுதான் நான் பென்சிலை எடுப்பேன். தாதுவிலிருந்து இரும்பை உருக்கும் ஊதுலை வழியில் ஒரு டன் எஃகு செய்தால் சுமார் 2 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. இரும்பை எஃகாக்கும் கட்டத்தில் விழும் கசடு 120 கிலோ என்று வையுங்கள். அதில் நூற்றுக்கு 40 பங்கு சுண்ணாம்பு, அதாவது 48 கிலோ. 56 கிலோ சுண்ணாம்பு 44 கிலோ வாயுவைப் பிடிக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. துளி விடாமல் வினைபுரிந்தாலும் பிடிபடுவது 38 கிலோதான். 2,000 கிலோவில் 38! அந்தச் சுண்ணாம்பும் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுத்தது. சுடும்போதே அதே அளவு வாயு வெளியே போயாயிற்று. மிச்ச லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எஃகுக் கசட்டில் வினைபுரியாமல் தங்கும் சுண்ணாம்பு ஈரம் பட்டால் உப்பி, மேலே போட்ட ரோட்டையே பிளந்துவிடும். கரியமில வாயு ஊட்டிய கசடு அடங்கிக் கிடக்கும்.

ஊதுலைக் கசட்டை மட்டும் இந்த வேலைக்குக் கேட்டால் நான் தரமாட்டேன். சூடாக இருக்கும்போதே தண்ணீர் பாய்ச்சிக் குளிரவைத்து, மாவாக அரைத்தால் அது சிமென்டில் கலக்க உதவும். அந்த அளவுக்குச் சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கரைச் சுடுவது மிச்சம். ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் 800 கிலோ கரியமில வாயு.