கைவலி உள்ள தையற்கலைஞர்களுக்கான துணி வெட்டும் கருவிகள்

துணி வெட்டும் கருவிகள் என்பவை தைப்பதற்கு முன் துணியை அளவுக்கேற்பத் துண்டாக்கப் பயன்படும் கத்தரிக்கோல், உருள் கத்தி, நூல் கத்தரி, மின் வெட்டு இயந்திரம் முதலியன ஆகும். கையில் வலி, மரத்துப்போதல், பிடிப்பு உள்ளவர்கள் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கலாம், இருக்கும் கருவியை எப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில் உள்ள பாஞ்சாலங்குறிச்சி, கட்டபொம்மன் கோட்டைக்காக அறியப்படும் ஊர். அதே வட்டத்தில் உள்ள புதியம்புத்தூர் ஆயத்த ஆடைத் தயாரிப்புக்குப் பெயர்பெற்றது. வானம் பார்த்த கரிசல் நிலத்தில் விவசாயம் பொய்க்கும் ஆண்டுகளில் தையல் பல வீடுகளுக்குக் கைகொடுக்கும் வேலை. கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கில்தான். கை வலித்தால் உருப்படி குறையும். உருப்படி குறைந்தால் கூலி குறையும். அதனால் வலியைச் சொல்லாமலே வேலை செய்பவர்கள் அதிகம்.

தையற்கூடங்களில் மிஞ்சும் துண்டுத்துணிகளைக் கால்மிதி, தலையணை உறை, ஒட்டுத்துணிப் போர்வை எனத் தைப்பதும் உண்டு. வட கர்நாடகத்தின் சித்தி மக்கள் தைக்கும் கவந்தி, வங்கத்தின் காந்தா, மராட்டியத்தின் கோதடி ஆகியவை இவ்வகைப் போர்வைகளே. ஆங்கிலத்தில் குயில்ட் என்பதும் இதன் உறவுதான். இதில் தைப்பதைவிட வெட்டுவதே கையைக் களைக்க வைக்கும்.

கை ஏன் வலிக்கிறது

கத்தரிக்கோலை மூடும்போது பெருவிரலின் அடிமூட்டில்தான் அதிகச் சுமை விழுகிறது. பெருவிரல் நுனியில் 1 கிலோ அளவுக்குக் கிள்ளும் விசை இருந்தால், அடிமூட்டில் அது ஏறத்தாழ 12 கிலோவாகப் பெருகுகிறது என்று 1977இல் கூனி, சாவோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்த மூட்டில்தான் தேய்மானம் அடிக்கடி வருகிறது.

மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தில் தசைநாண் உறை தடித்து வலிப்பது வேறொரு கோளாறு. 1895இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவெர்வேன் பெயரால் அது வழங்குகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால், மணிக்கட்டுக் குகையில் நடு நரம்பு அழுத்தப்படுவது காரணமாக இருக்கலாம். மடக்கிய விரல் நிமிரும்போது 'டக்' என்று சிக்கி விடுபடுவது இன்னொரு வகை. காலையில் எழுந்ததும் இரு கைகளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கருவியை மாற்றினால் மட்டும் போதாது.

முதலில் சாணை

புதுக் கருவி வாங்கும் முன் பழைய கத்தரிக்கோலைப் பார்ப்பது நல்லது. மழுங்கிய அலகு துணியை வெட்டாமல் மடக்கி மெல்லும். கை அதை ஈடுகட்ட இறுக்கிப் பிடிக்கும். சாணை பிடித்து, திருகாணியைச் சரியான இறுக்கத்தில் வைத்து, அதில் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டாலே பாதிச் சிரமம் போய்விடும். சாணை பிடிப்பவரிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும்: வெளிச்சரிவை மட்டும் தீட்ட வேண்டும்; இரண்டு அலகுகளும் உரசும் உட்பக்கத்தைத் தேய்த்துவிட்டால் கத்தரிக்கோல் பிறகு துணியைப் பிடிக்காது. அதே கத்தரிக்கோலால் காகிதம், நாடா, தகடு வெட்டுவதையும் நிறுத்த வேண்டும். வீட்டில் இதுதான் கடினமான சட்டம்; பிள்ளைகள் கேட்பதில்லை.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற மீரட் கத்தரிக்கோல்கள் மீண்டும் மீண்டும் சாணை பிடித்துப் பல ஆண்டு பயன்படுத்தத் தக்கவை. ஆனால் கனமானவை. வெட்டும்போது கீழ் அலகு மேசையில் ஊன்றியிருந்தால் அந்தக் கனம் கைக்குத் தெரியாது. தூக்கிப் பிடித்து வெட்டினால் தெரியும். இதற்காகவே தையற்காரர் கத்தரிக்கோலின் பிடி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. தரையில் குனிந்து வெட்டும் வழக்கத்தை விட்டு, முழங்கை உயரத்துக்குச் சற்றே தாழ்ந்த மேசையில் நின்று வெட்டினால் தோளுக்கும் நல்லது.

கத்தரிக்கோல் ஒரு நெம்புகோல். திருகாணிக்கு அருகில் வெட்டக் குறைந்த விசை போதும், நுனிக்குப் போகப் போகக் கூடும். தடித்த துணியை அலகின் அடிப்பகுதியில் கொடுத்து வெட்ட வேண்டும். பிடியின் பெரிய வளையத்தில் மூன்று நான்கு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். வளையம் அகலமாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபையோ துணிநாடாவையோ சுற்றித் தடிப்பாக்கிக்கொள்ளலாம். 1967இல் பின்லாந்தின் பிஸ்கார்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பிடி, எடையைக் குறைத்துக் கைவடிவுக்குப் பொருந்தச் செய்தது. இன்று பல நிறுவனங்கள் அதே பாணியில் செய்கின்றன. ஸ்பிரிங் வைத்த கத்தரிக்கோல் தானாகவே திறக்கும் என்பதால் விரல் சிக்கும் கோளாறு உள்ளவர்களுக்கு ஏற்றது. ஸ்பிரிங் கடினமாக இருந்தால் மூடும் வேலை கூடும், அதைக் கடையிலேயே திறந்து மூடிப் பார்க்க வேண்டும்.

இடக்கைக்காரர்கள் இடக்கைக் கத்தரிக்கோலே வாங்க வேண்டும். வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் விலகும். அவற்றைச் சேர்த்து அழுத்தப் பெருவிரலைத் திருக வேண்டியிருக்கும்.

உருள் கத்தி

1979இல் ஜப்பானின் ஓல்பா நிறுவனம் அறிமுகப்படுத்திய உருள் கத்தி, பீட்சா வெட்டும் சக்கரம் போன்றது. இதில் விரல்களைத் திறந்து மூடும் வேலையே இல்லை. அரிவாள்மணையில் காய் நறுக்கும்போது கை தள்ளுவதுபோல, இங்கும் தோளும் முன்கையும் தள்ளுகின்றன. 28 மி.மீ. வளைவுகளுக்கும், 45 மி.மீ. பொதுவேலைக்கும், 60 மி.மீ. பல அடுக்குகளுக்கும் உகந்தவை. கைவலி உள்ளவர்களுக்குப் பெரிய சக்கரமே வசதி. அழுத்தம் குறைவாகப் போதும்.

ஒரு கணக்கு: 60க்கு 90 அங்குலப் போர்வைக்கு ஆறு அங்குலச் சதுரங்கள் 150 வேண்டும். தையலுக்கு விட்டு ஒவ்வொன்றும் 6.5 அங்குலம். தனித்தனியே நான்கு பக்கமும் வெட்டினால் 600 வெட்டு. 44 அங்குல அகலத் துணியில் 25 பட்டைகள் எடுத்து, நான்கு நான்காக அடுக்கிக் குறுக்கே வெட்டினால் மொத்தம் 75 வெட்டுக்குள் முடிந்துவிடும்.

இதற்கென்றே விற்கும் விரிப்பும் தடித்த அளவுகோலும் தேவை, அதுதான் செலவு. வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் விரிப்பு நெளிந்துவிடும். கோடைக் கரிசல் வீட்டில் மொட்டைமாடிப் பக்கம் வைக்கக்கூடாது. அளவுகோலை அழுத்தும் மறுகையும் வலிக்கும் என்பதால், உறிஞ்சு பிடி ஒட்டிய அளவுகோல் உதவும். கத்தி விரலை நொடியில் அறுக்கும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் அலகை மூட வேண்டும்.

வெட்டாமல் கிழிப்பது

ஜவுளிக்கடைக்காரர் ஓரத்தில் சிறு வெட்டுக் கொடுத்து 'சர்ர்' என்று கிழிப்பது கைவலிக்காரர்களுக்கும் ஏற்ற முறையே. நெய்த பருத்தித் துணி நூலோட்டத்தில் நேராகக் கிழியும். பனியன் துணியில் இது நடக்காது.

நூல் கத்தரி சிறிதானாலும், பிசிறு எடுக்கும் வேலையில் நாள் முழுவதும் கிள்ளவைப்பதால் பெருவிரலைப் பதம் பார்ப்பது அதுவே. இடையிடையே கையை மாற்றுவதும், உள்ளங்கையில் பிடிக்கும் வகையை வாங்குவதும் உதவும். 1888இல் தொடங்கிய அமெரிக்காவின் ஈஸ்ட்மேன் நிறுவனம் செய்ததைப் போன்ற நேர்க்கத்தி இயந்திரங்கள் ஆடைக்கூடங்களில் பல பத்து அடுக்குகளை ஒரே தடவையில் வெட்டுகின்றன. இரும்பு வலைக் கையுறை இல்லாமல் அதைத் தொடக்கூடாது. வீட்டுக்கான பேட்டரிக் கத்தரிகளில் எடையையும் அதிர்வையும் பார்த்தே வாங்க வேண்டும். மணிக்கட்டு நரம்பு அழுத்தம் உள்ளவர்களுக்கு அதிர்வு ஆகாது.

கருவி மாற்றி இரண்டு மூன்று வாரம் ஆகியும் வலி குறையாவிட்டால், பெருவிரல் அடியில் சதை மெலிந்தால், பிடித்த பொருள் நழுவினால் மருத்துவரிடம் போக வேண்டும். இப்பகுதியினருக்குக் கோவில்பட்டி அரசு மருத்துவமனையும் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் உள்ளன. போகும்போது தினமும் பிடிக்கும் கத்தரிக்கோலையும் பையில் எடுத்துச் சென்று பிடித்துக் காட்டினால், எந்த மூட்டில் சுமை விழுகிறது என்பதை மருத்துவர் நேரில் பார்க்கலாம்.