எய்ட்ஸ் கிருமியின் 'கத்தரி'யை முடக்கும் மாத்திரை: பாதியில் விட்டால் ஆபத்து!

திருவாலங்காடு:

"உடம்புதான் தேறிடுச்சே... இனி எதுக்கு மாத்திரை?"

எச்.ஐ.வி.க்கு சிகிச்சை பெறுபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். திருவாலங்காட்டில் ரெயில் ஏறி ஷிப்டு வேலைக்கு ஓடுபவருக்கு, ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு போவது பெரும்பாடு. 'ஒரு மாசம் விட்டா என்ன?' என்று தோன்றும்.

ஆனால் விட்டு விட்டு சாப்பிட்டால் கிருமி மீண்டும் பெருகும். பெருகும்போது உருமாறும். கடைசியில் பழைய மாத்திரைக்கு அடங்காது. அப்போது கைகொடுப்பவைதான் 'புரோட்டியேஸ்' தடுப்பு மருந்துகள்.

வெட்டு விழாது

எச்.ஐ.வி. கிருமி நமது ரத்த வெள்ளை அணுவுக்குள் புகுந்து, தனக்கு வேண்டிய புரதங்களை ஒரே நீளச் சங்கிலியாக தயாரிக்கிறது. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நீளக் கம்பியை அளவு பார்த்து வெட்டுவார்கள் அல்லவா? அதுபோல அந்த சங்கிலியை துண்டு போடும் கத்தரிதான் புரோட்டியேஸ். மருந்து அதன் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். வெட்டு விழாததால் கிருமி அரைகுறையாகவே வெளியே வரும். அடுத்த அணுவை தாக்க அதற்கு தெம்பு இருக்காது.

தாம்பரத்தில் தொடக்கம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும். அன்று இங்கு மருந்தே கிடையாது. 1995-ல் அமெரிக்காவில் முதல் புரோட்டியேஸ் தடுப்பு மருந்தான சாக்குயினாவிர் வந்தது. இந்த வகையை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்ததும் அங்கு சாவு மளமளவென குறைந்தது.

தாம்பரம் சானடோரியம் அரசு ஆஸ்பத்திரியில் 2004 ஏப்ரலில் இலவச கூட்டு மருந்து தொடங்கியது. அது பலிக்காதவர்களுக்கு 2008-ல் புரோட்டியேஸ் தடுப்பு மருந்தும் இலவசமாக வந்தது. இப்போது முதல் சிகிச்சை, டோலுடெகிராவிர் கலந்த ஒரே மாத்திரை. அது பலிக்காவிட்டால் அட்டசனாவிர் அல்லது லோபினாவிர், ரிட்டோனாவிருடன் சேர்த்து தரப்படும்.

கண் மஞ்சளானால்...

அட்டசனாவிர் சாப்பிடும் சிலருக்கு கண் மஞ்சளாகும். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனாலும் டாக்டரிடம் காட்டுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்செரிச்சல் மாத்திரை சேர்ந்தால் இந்த மருந்தின் வேகம் குறையும். டி.பி.க்கு தரும் ரிபாம்பிசினும் புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகளின் வேகத்தை குறைத்துவிடும். அதனால் வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வேலை போகுமா?

எச்.ஐ.வி. இருப்பதை காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதை 2017-ம் ஆண்டு சட்டம் தடுக்கிறது. 2018 செப்டம்பர் முதல் அது அமலில் உள்ளது. பயந்து மாத்திரையை விட வேண்டாம். சந்தேகம் இருந்தால் 1097-க்கு இலவசமாக போன் செய்து கேட்கலாம்.

முதல் மாத்திரையை ஒழுங்காக சாப்பிடுபவருக்கு பெரும்பாலும் இந்த இரண்டாவது மருந்து தேவையே படாது!