குப்பை வண்டி வரும் வேளை

புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை விசாரிக்கிற அதே சிரத்தையோடு, தூய்மைக் காவலரின் வண்டி தங்கள் தெருவுக்கு வரும் வேளையையும் அண்டை வீட்டாரிடம் கேட்டு அறிந்துகொள்வது அவசியம்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் கடமையை, 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இல்லத்தாரிடமே ஒப்படைத்தன. பால் உறையை ஒருமுறை அலசிக் காயவைத்துக் கொடுத்தால் அது மறுசுழற்சிக்கு உபயோகமாகும். பழஞ்சோற்றோடும் முருங்கைச் சக்கையோடும் ஒரே பையில் திணித்துக் கட்டினாலோ, அந்தத் துர்நாற்றத்தினூடே கைவிட்டுக் கிளறிப் பிரிக்கிற சிரமம் முழுவதும் காவலருடைய தலையில் விழுகிறது. உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றித் தனியே அளிக்காத வீட்டின் அலட்சியம் அவருடைய விரலில் இரத்தமாகக் கசிவதை அநீதி என்றே நான் சொல்வேன்.

குப்பையைத் தெருவில் கொளுத்துவதையும் அவ்விதிகள் தடைசெய்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை உண்டாதலால், கடைக்குத் துணிப்பையோடு செல்வதே உசிதம். கொல்லைப்புறம் உள்ளவர்கள், சமையற்கட்டுக் கழிவைக் குழியில் இட்டு, சருகும் சாணமும் அடுக்கி, ஈரம் வற்றாமல் அவ்வப்போது கிளறிவந்தால், சில மாதங்களில் வாழைக்கும் கத்தரிக்கும் நல்ல எரு கிடைக்கும்.