முட்டி வலியும் வைட்டமின் 'டி'யும்



சம்பளம் போட்ட மறுநாள் யார் வருகிறார்களோ இல்லையோ, மருந்து விற்பவர் தோட்டத்துக்கு வந்துவிடுவார். பாசார் மாலாமிலும் அவரைப் பார்க்கலாம். இப்போது கைத்தொலைபேசிக்குள்ளும் புகுந்துவிட்டார். "முட்டி வலியா? உடம்புல வைட்டமின் டி குறைஞ்சு போச்சு. இந்தப் புட்டி ரெண்டு சாப்பிடுங்க, எழுந்து ஓடுவீங்க" என்கிறார். இரண்டு மூன்று நாள் கூலியைக் கொடுத்து நம்மவர்களும் வாங்குகிறார்கள். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எது உண்மை, எது வியாபாரம் என்று பிரித்துப் பார்ப்போம்.

வைட்டமின் டி எலும்புக்குக் கட்டாயம் தேவை. நாம் சாப்பிடும் சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சி எடுக்க உதவுவது இதுதான். இது குறைந்தால் பிள்ளைகளுக்குக் கால் வளைந்துபோகும். பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகிவிடும். 1919-ல் பெர்லின் நகரில் ஹுல்ட்சின்ஸ்கி என்ற டாக்டர், எலும்பு வளைந்த பிள்ளைகளைப் புற ஊதாக் கதிர் விளக்கின் கீழ் வைத்துக் குணமாக்கினார். அதே சத்து மீன் எண்ணெயிலும் இருப்பதை அமெரிக்காவின் மெக்காலம் கண்டறிந்து, 1922-ல் அதற்கு 'டி' என்று பெயர் வைத்தார். வெயில் மேலே பட்டால் நம் தோலே இதைத் தயாரித்துக்கொள்ளும்.

"வெயில்லயே வேகுற நமக்கா இது குறையப் போகுது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பால்மரம் வெட்டுகிறவர் இருட்டில் பெரட்டுக்குப் போகிறார். பிறகு மர நிழலில் வேலை. கொசுவுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை, தலையில் துணி. செம்பனைக் காட்டிலும் மட்டை வெயிலை மறைத்துவிடுகிறது. நம் பிள்ளைகளோ விடியுமுன் பஸ் ஏறி, கண்ணாடி அடைத்த தொழிற்சாலையில் பகலைக் கழித்து, இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள். கறுத்த தோலுக்கு இந்தச் சத்தைத் தயாரிக்கக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் இந்த நாட்டில், கோலாலம்பூரில் நடந்த ஆய்வுகளிலேயே பலருக்கு, அதிலும் பெண்களுக்கு, வைட்டமின் டி குறைவாக இருப்பது தெரியவந்திருக்கிறது.

அப்படியானால் மருந்து விற்பவர் சொல்வது சரிதானே? இங்கேதான் கவனிக்க வேண்டும். எல்லா வலியும் ஒரே வலி அல்ல.

முதலாவது, எலும்பு மென்மையாவதால் வரும் வலி. தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் மந்தமாக வலிக்கும். குந்தி உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாது. வைட்டமின் டி குறைவு காரணமென்றால், அந்தச் சத்தைக் கொடுத்தால் இது தேறும்.

இரண்டாவது, முட்டித் தேய்வு. வயது, உடல் எடை, பல வருடம் குந்தியும் பாரம் தூக்கியும் செய்த வேலை, இவற்றால் வருவது. அமெரிக்காவில் முட்டித் தேய்வு உள்ள 146 பேரில் ஒரு பாதிக்கு வைட்டமின் டி, மறு பாதிக்கு வெறும் மாத்திரை என்று இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. வலியும் குறையவில்லை, தேய்வும் நிற்கவில்லை.

மூன்றாவது, எலும்பு மெலிவு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வரும். எலும்பு முறியும் வரை பெரும்பாலும் வலியே தெரியாது.

நான்காவது, முடக்குவாதம். சிலர் சரவாங்கி என்பார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் இது. இரண்டு கை விரல் மூட்டும் வீங்கும். காலையில் அரை மணி, ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியாது. உளிக் கத்தி பிடிக்கும் கைக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு ஐந்து வருடத்துக்கு மேல் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தார்கள். 2022-ல் வெளியான முடிவு இது: எலும்பு முறிந்தவர்கள் வைட்டமின் சாப்பிட்டவர்களில் 769 பேர், சாப்பிடாதவர்களில் 782 பேர். பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு முன்பே இந்தச் சத்துக் குறைவு இல்லை. முடக்குவாதம் போன்ற, எதிர்ப்புச் சக்தி தடம் மாறும் நோய்கள் புதிதாக வந்தவர்கள் 155 பேருக்குப் பதில் 123 பேர். இதில் பலன் தெரிந்தது உண்மை. ஆனால் அது நோய் வராமல் தடுப்பதைப் பற்றிய கணக்கு. வந்த நோயைக் குணமாக்கியதாக யாரும் சொல்லவில்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய 2,256 பெண்கள் கலந்துகொண்ட ஆய்வில், ஒரு பாதியினருக்கு வருடத்துக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். கூடுதலாகக் கீழே விழுந்ததும் எலும்பு முறிந்ததும் அந்த மருந்து சாப்பிட்டவர்களே என்று 2010-ல் தெரிந்தது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட், முதியவர்களுக்கு 800 யூனிட், பொதுவாக இதுவே போதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பெயர் தெரியாத மூட்டுவலித் தூள், மஜூன், கேப்சூல் சிலவற்றில் ஸ்டீராய்ட் மருந்தைத் திருட்டுத்தனமாகக் கலக்கிறார்கள். சுகாதார அமைச்சு இதைப் பல முறை எச்சரித்திருக்கிறது. சாப்பிட்டவுடன் வலி மாயமாகும். "அடேயப்பா, கைகண்ட மருந்து!" என்போம். நாளடைவில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலிந்து உளுத்துப்போகும். எலும்புக்கு என்று வாங்கிய மருந்தே எலும்பைத் தின்னும். பதிவுபெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுத்தாளும் இருக்கும். இல்லையென்றால் தொடாதீர்கள். ஏற்கெனவே நீண்ட நாள் சாப்பிட்டு வருபவர்கள் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது, அதுவும் உயிருக்கு ஆபத்து. புட்டியோடு டாக்டரிடம் போங்கள்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? முட்டை, டின் மத்தி, முள்ளோடு தின்னும் நெத்திலி, தவ்ஹூ, பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை, இவை கடையிலும் கொல்லையிலும் கிடைப்பவை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நெத்திலியை ஊறவைத்து உப்பைக் கழுவுங்கள். நிழலிலேயே வேலை செய்கிறவர்கள் கையிலும் காலிலும் சற்று நேரம் வெயில் படவிடுங்கள்.

விரல் மூட்டு வீங்கி ஆறு வாரமாகியும் வற்றவில்லையா? காத்திருக்காதீர்கள். முடக்குவாதத்துக்கு ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் கை கோணாமல் காப்பாற்றலாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். "எனக்கு எந்த வலி? வைட்டமின் தேவையா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

"போனா ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்று பயப்படுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்று கொடுத்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவான வேலைக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். இது யாரும் போடும் பிச்சை அல்ல, நமது உரிமை. மறுத்தால் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள், சங்கம் பேசும். அடுத்த சம்பளத்துக்கு மருந்துப் புட்டி வந்தால், முதலில் ஒட்டுத்தாளைத் தேடுங்கள். காசை அப்புறம் எடுக்கலாம்.